தண்டனை பெற்ற ஒலிவ மரம்

வெகு காலத்துக்கு முன்னால், குளிர்ந்த மலைகளுக்கு நடுவே இருந்த வெண்குன்றபுரியைக் குலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். யவன வணிகர்கள் கொடுத்த ஒலிவக் கன்றை அரண்மனை முற்றத்தில் தன் கையாலேயே நட்டு வளர்த்தான். அது முதன்முதலாகப் பிஞ்சு விட்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "இது மரமல்ல, என் பிள்ளை!" என்று சொல்லி, அதைக் கவனிக்கும் பொறுப்பை ஏகாம்பரம் என்ற பிரபுவிடம் ஒப்படைத்தான்.

ராஜாவின் மனம் குளிர வேண்டுமே! ஏகாம்பரம் மரத்துக்கு மேலே பட்டுப் பந்தல் போட்டார். தினமும் நாலு குடம் தண்ணீரும் ஒரு குடம் பாலும் ஊற்றவைத்தார். அதன்மேல் கத்தி வைப்பவனின் கையை வெட்டும்படி ராஜாவிடம் கட்டளையும் வாங்கினார். மரம் தளதளவென்று வளர்ந்தது. ஆனால் மூன்று வருடமாக ஒரு காய்கூட இல்லை.

"எல்லாம் தோட்டக்காரன் உலகனின் கைராசி, மகாராஜா!" என்றார் ஏகாம்பரம்.

"அப்படியா? அவனைச் சிறையில் தள்ளுங்கள்!"

மந்திரி திருமேனிக்கு மனம் கேட்கவில்லை. சிறைக்குப் போய் உலகனிடம் விசாரித்தார்.

"வெயில் படணும் சாமி, தண்ணி குறையணும், கிளையைக் கழிக்கணும். இதைச் சொன்னா ராஜா செஞ்சது தப்புன்னு ஆகிடும். சொல்ல முடியுமா?"

திருமேனி யோசித்தார். ராஜாவின் தப்பைச் சொன்னால் தன் தலையும் தப்பாது. மறுநாள் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, மூன்று வருடமாக அரண்மனைப் பாலைக் குடித்துவிட்டு வேலை செய்யாத ஒருவன்மேல் வழக்குத் தொடுக்கிறேன்."

"யார் அந்தச் சோம்பேறி?"

"உங்கள் ஒலிவ மரம்தான்."

சபை சிரித்தது. ராஜாவுக்கும் வேடிக்கை பிடித்துப்போயிற்று.

"ஐயோ, பிள்ளையைத் தண்டிப்பதா!" என்று பதறினார் ஏகாம்பரம்.

"நீதிக்கு முன்னால் பிள்ளை என்ன, பிறர் என்ன? வெயிலில் நிற்கட்டும்! பால் கிடையாது, தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு முறைதான்! பாதித் தலையை மழித்துவிடுங்கள்!" என்று, திருமேனி எடுத்துக்கொடுத்தபடி ராஜாவே தீர்ப்புச் சொன்னான்.

"மழிக்கத் தெரிந்தவன் சிறையில் இருக்கிறானே, மகாராஜா?" என்றார் திருமேனி.

"கொண்டுவாருங்கள் அவனை!"

பந்தலைப் பிரித்தார்கள். உலகன் உள்ளே வெளிச்சம் விழும்படி கிளைகளைக் கழித்தான். முதல் வருடம் மரம் துளிர்த்ததோடு சரி. "கொன்றுவிட்டார்கள்!" என்று ஏகாம்பரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். திருமேனியே தினமும் முற்றத்துக்கு வந்து கிளைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கிளை தாழக் காய்த்தது.

ராஜா காய்களைத் தட்டில் பறித்துவைத்தான். ஏகாம்பரம் முந்திக்கொண்டார்.

"மூன்று வருடம் நான் ஊற்றிய பால்தான் இப்போது காயாகியிருக்கிறது! இந்த மரத்தின் குணம் என்னைவிட யாருக்குத் தெரியும்? முதல் காய் எனக்குத்தான் உரியது."

சொல்லிவிட்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். முகம் எட்டுக் கோணலாயிற்று.

"எப்படி இருக்கிறது?" என்றான் ராஜா.

"தே... தேனாக இனிக்கிறது, மகாராஜா!"

ராஜா உலகனைப் பார்த்தான். அவன் கைகட்டிச் சொன்னான்: "உப்புத் தண்ணியில ஒரு மாசம் ஊறணும் மகாராஜா. பச்சையாத் தின்னா வேப்பங்காயா கசக்கும்."

ராஜா சிரிக்கவில்லை. மரப் பொறுப்பை உலகனுக்கும், தன் முத்து மாலையைத் திருமேனிக்கும் கொடுத்தான். பிறகு தட்டை ஏகாம்பரத்தின் முன்னால் நகர்த்தினான்.

"தேன் என்றீரே, முழுவதும் உமக்குத்தான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சாப்பிடும்."