ரெண்டு டிரம்மும் ஒரு கொக்கியும்

கோமதிநாயகத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை. முப்பது வருஷம் லாரி நடத்திவிட்டு, போதும்டா சாமி என்று அறுபது வயதில் மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்த மனுஷன். அங்கே அவருக்குக் குரு உலகம்மை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

நடந்தது இதுதான். மேட்டில் வைத்த நெல்லிக் கன்றுகளுக்குத் தோட்டத்துக் குட்டி டிராக்டரில்தான் தண்ணீர் போகும். நடைக்கு ஒரு டிரம். "இதென்னய்யா பிச்சைக்காரத்தனம்? ரெண்டா ஏத்து, ஒரே நடையில முடிஞ்சிரும்" என்றவர் இவர்தான். பாதி மேட்டில் வண்டி பின்னால் வழுக்கியது. டிரெய்லரை மாட்டியிருந்த கொக்கி படாரென்று முறிந்தது. டிரெய்லர் மட்டும் உருண்டு ஓடைக்குள் விழுந்தது. ஓட்டிய மாசானம் வெலவெலத்துப் போய் டிராக்டரிலேயே உட்கார்ந்திருந்தான்.

டிரெய்லரையும் டிரம்களையும் ஓடையிலிருந்து மேலே இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து கோமதிநாயகம் தென்காசிக்கும் ஆசிரமத்துக்குமாக அலைந்து, மூன்று கொக்கிகளை வாங்கி வந்து உலகம்மை முன்னால் வைத்தார்.

"இதுல எதும்மா முறியாது?"

"அண்ணாச்சிக்கு எது தோணுது?"

"இந்தத் தடியன்தான். லாரிக்கே தாங்கும். அந்தப் பழைய சனியன் மட்டும் உறுதியா இருந்திருந்தா இம்புட்டு வினை வந்திருக்குமா?"

"மாட்டுங்க."

மாட்டினார்.

"ரெண்டு டிரம்மையும் ஏத்தி, தண்ணி நெறைங்க."

நிறைத்தார்கள்.

"மாசானம், நீ இறங்கு. இன்னைக்கு அண்ணாச்சி ஓட்டட்டும்."

லாரிக்காரருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். மேட்டைப் பார்த்தார். திரும்பி டிரம்களைப் பார்த்தார். மறுபடி மேட்டைப் பார்த்தார். கியரைப் போடாமல் மாசானத்தைக் கூப்பிட்டார்.

"ஏ மாசானம், அன்னைக்கு இந்தக் கொக்கி இருந்திருந்தா?"

மாசானம் தலையைச் சொறிந்தான். "முறிஞ்சிருக்காது அண்ணாச்சி. டிரெய்லரோட சேந்து நானும் ஓடைக்குள்ள போயிருப்பேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். கோமதிநாயகத்துக்கு முகமெல்லாம் எரிந்தது. இவன் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழித்திருப்பேன் என்று நினைத்தார். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஒரு டிரம்மின் குழாயைத் திறந்து பக்கத்து வாழைப் பாத்திக்குத் தண்ணீரை விட்டார். அது வடிந்து முடிகிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. பிறகு காலி டிரம்மைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"இப்பச் சொல்லுங்கம்மா. எந்தக் கொக்கியை மாட்ட?"

உலகம்மை மேட்டைப் பார்த்தார். மூன்று நாளாகத் தண்ணீர் காணாமல் கன்றுகள் துவண்டு கிடந்தன.

"கன்னு காயுது அண்ணாச்சி. இனி எதை மாட்டினா என்ன?"