பூவணன் நட்ட காந்தள்

கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மலைகளில் யாரும் பாதை வெட்டாத காலத்தில் குன்றையூர் என்றொரு சின்ன நாடு இருந்தது. அந்த நாட்டுக் குதிரைப்படையில் செங்கோடன் என்றொரு வீரன் இருந்தான். அவன் கை வலியது. கோபம் அதைவிட வலியது.

ஒருநாள் அவன் குதிரை மிரண்டு அரண்மனைத் தோட்டத்துக்குள் புகுந்தது. தோட்டக்காரன் பூவணன், மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த காந்தள் கிழங்கை அப்போதுதான் நட்டு முடித்திருந்தான். குதிரை அந்தப் பாத்தியை மிதித்தது.

"கண் தெரியவில்லையா உனக்கு?" என்றான் பூவணன்.

அந்த ஒரு சொல் பொறுக்காமல் செங்கோடன் ஈட்டிக் காம்பால் அடித்தான். அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. பூவணன் பிறகு எழுந்திருக்கவில்லை.

அரசன் மரண தண்டனை விதித்தான். செங்கோடன் தலை குனிந்து நின்றான். அப்போது பூவணன் மனைவி உமையாள் சபையில் எழுந்தாள்.

"அரசே, என் புருஷன் கடைசியாக நட்டது அந்தக் கிழங்கு. அவர் பார்க்காமல் போன பூவை நான் பார்க்க வேண்டும். மிதித்தவனே அதை வளர்க்கட்டும். அது பூக்கிற நாளில் இவன் சாகட்டும்."

"பூக்காவிட்டால்?" என்று கேட்டார் அமைச்சர்.

"பூக்கும்வரை இவன் உயிரோடு இருப்பான். அவ்வளவுதான்" என்றான் அரசன்.

காலில் விலங்கோடு செங்கோடனைத் தோட்டத்தில் விட்டார்கள். அவன் மண்ணை விலக்கிக் கிழங்கை எடுத்தான். கலப்பைபோல் வளைந்த கிழங்கு. ஒரு முனை குளம்பில் நசுங்கியிருந்தது. மறுமுனையில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை முளை தெரிந்தது.

காவலன் அவன்மேல் இரக்கப்பட்டான். "அந்த முளையை நகத்தால் கிள்ளிவிடு. அப்புறம் அது வளரவே வளராது. குதிரை மிதித்ததில் போயிற்று என்று நானே சொல்கிறேன்."

செங்கோடன் கிழங்கை வைத்திருந்த தன் கையைப் பார்த்தான். யோசிக்காமல் ஓங்கிய கை அது. பிறகு முளைக்கு நோகாமல் கிழங்கை மண்ணில் வைத்து மூடினான்.

மழை வந்தது. விடாத மழை. பாத்தியில் தண்ணீர் தேங்கியது. தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அன்று அவன் தம்பி பார்க்க வந்தான்.

"அண்ணே, நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு. மழை செய்ததற்கு உன்னை யார் கேட்பார்கள்? வீட்டில் அம்மா சோறு இறங்காமல் கிடக்கிறாள்."

செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெறுங்கையால் வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடித்தான்.

கொடி எழுந்தது. இலை நுனிகள் விரல்போல் சுருண்டு வேலியைப் பற்றின. அரும்புகள் தலைகீழாகத் தொங்கின. பிறகு இலைகளில் கரும்புழுக்கள் மொய்த்தன.

இந்த முறை யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனமே பேசியது. 'இன்று ஒருநாள் குனியாமல் இரு. போதும். புழு தின்றுவிடும்.' மண்ணில் வேலை செய்து செய்து, காலை வெயிலும் காற்றும் அவனுக்கு இனிக்கத் தொடங்கியிருந்தன. போர்க்களத்தில் அஞ்சாதவன், அந்த அரும்பைப் பார்த்து அஞ்சினான். ஆனாலும் குனிந்து, பொழுது சாயும்வரை ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கினான்.

ஒருநாள் காலையில் முதல் பூ விரிந்தது. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, தீ மேல்நோக்கி எழுந்ததுபோல் நின்றது. காவலன் இன்னும் கவனிக்கவில்லை. செங்கோடனே அவனைக் கூப்பிட்டான்.

"அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். பூத்துவிட்டது."

அரசனும் அமைச்சரும் வந்தார்கள். உமையாள் பூவின் முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின் அரசனிடம் திரும்பினாள்.

"அரசே, தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சாக விட்டிருந்தால் இவன் பிழைத்திருப்பான். விடவில்லை. இவனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கும் வருமா, தெரியாது. ஆனால் இவனைக் கொல்லச் சொல்லவும் இனி என்னால் முடியாது. இவன் இங்கேயே இருந்து, என் புருஷன் செய்த வேலையைச் செய்யட்டும்."

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் தலையசைத்தார். அரசன் சைகை காட்ட, காவலன் விலங்கை அறுத்தான்.

செங்கோடன் அதன்பின் குதிரை ஏறவில்லை. தாயை அழைத்து வந்து தோட்டத்தை ஒட்டியே குடியிருந்தான். உமையாள் சாகும்வரை அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆண்டுதோறும் முதலில் பூத்த காந்தளை அவள் வாசலில் வைத்துவிட்டு, அவள் வெளியே வருமுன் திரும்பிவிடுவான்.

கேட்டவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: செய்த குற்றத்துக்கு உண்மையாக வருந்துகிறவன், தன் உயிரே போகும் என்றாலும் தன் கையில் ஒப்படைத்த உயிரைக் காப்பான்.