இன்னும் கெட்டியாக

“இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வேணுமுங்க டீச்சர்,” என்றார் குழந்தைவேலு.

சபீனா குனிந்து காரின் முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தார். விரல்கள்கூட முழுசாக நுழையவில்லை.

“போன தடவைதானே கெட்டியாப் போட்டோம்?”

“போட்டோமுங்க. பத்தலீங்க.”

குழந்தைவேலுக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணை. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பந்தயக் கிறுக்குப் பிடித்தது. கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக்கில் கார் ஓட்ட வந்தவர், அதை ஒட்டிப் பட்டறை வைத்திருந்த சபீனாவிடம் ஒட்டிக்கொண்டார்.

சபீனா அவரைவிட வயதில் சின்னவர். பந்தயக் கார்களுக்கு சஸ்பென்ஷன், அதாவது வண்டியைச் சக்கரத்தின் மேல் தாங்கும் ஸ்பிரிங் வேலை, செய்து கொடுப்பது அவர் தொழில். யாருக்கும் பாடம் நடத்தமாட்டார். வேண்டுமானால் கூட நின்று பார்த்துக்கொள்ளலாம். குழந்தைவேலு மட்டும் அவரை டீச்சர் என்றார். அவர் குழந்தைவேலுவை அண்ணா என்றார்.

வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை குழந்தைவேலு முதல் வேலையாகத் தாழ்த்தினார். தரையோடு தரையாகக் கிடந்தால் வளைவில் சாயாது என்று யாரோ சொன்னார்கள். தாழ்த்தியதும் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வண்டி கட்டை போல இடித்தது. சபீனாவிடம் கொண்டு வந்தார்.

“தாழ்த்திட்டா ஸ்பிரிங் அமுங்கறதுக்கு இடம் கொறஞ்சிரும்ண்ணா. கொஞ்சம் கெட்டியாத்தான் போடணும்,” என்று சபீனாவே மாற்றிக் கொடுத்தார்.

இடிப்பது நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம்.

ஆனால் நான்காவது வளைவு இருந்தது.

நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வரும் வளைவு அது. அங்கே தார் அலை அலையாக எழும்பியிருக்கும். போன பந்தயத்தில் குழந்தைவேலுவின் கார் அந்த இடத்தில் பிடி விட்டு வெளியே போய், டயர் அடுக்கிய சுவரில் மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த அவர் மனைவி கலாமணி திட்டவில்லை. இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“இன்னும் எத்தனை பந்தயமுங்க?”

“ஒண்ணே ஒண்ணு. அந்த வளைவை ஒழுங்கா எடுத்துட்டா போதும். அதுக்கப்புறம் நிறுத்திக்கறேன்.”

கலாமணி அடுத்த வாய் இட்லியை நீட்டினார்.

எலும்பு கூடியதும் குழந்தைவேலு நேராகப் பட்டறைக்கு வந்தார். இன்னும் கெட்டியான ஸ்பிரிங் கேட்டார். சபீனா வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு போனார்.

இப்போது மறுபடி வந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

“இப்ப இருக்கறது எப்படி இருக்கு?” என்று கேட்டார் சபீனா.

“பாறை மேல உக்காந்த மாதிரி இருக்குதுங்க. துளி சாயறதில்ல. அந்த வளைவுல மட்டும் வழுக்குது. இன்னும் கொஞ்சம் கெட்டி பண்ணினா நின்னுருமுங்க.”

“எதனால நிக்கும்?”

குழந்தைவேலு யோசித்தார்.

“கெட்டியா இருந்தா நிக்கத்தானுங்க வேணும்?”

சபீனா மறுத்துப் பேசவில்லை. அலமாரியிலிருந்து இன்னும் கெட்டியான நான்கு ஸ்பிரிங்குகளை எடுத்து வந்து தரையில் வைத்தார். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினார்.

குழந்தைவேலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வழக்காட வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதற்கு வேலையே இல்லை. பக்கத்தில் நின்று, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்தது. வண்டி தரையில் இறங்கியது. குழந்தைவேலு காரின் மூக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.

“சாவி,” என்று சபீனா கையை நீட்டினார்.

“நான்தானுங்களே ஓட்டப்போறேன்?”

“இன்னிக்கு நான் ஓட்டறேன். நீங்க நாலாவது வளைவுல போய் நில்லுங்க. வேலிக்கு வெளிய.”

“ஓட்டினாத்தானுங்களே எனக்குத் தெரியும்?”

“இத்தனை நாளா ஓட்டித்தானேண்ணா பாத்தீங்க?”

குழந்தைவேலு சாவியைக் கொடுத்தார்.

வெயிலில் நடந்தார். அந்த வளைவைக் காரில் எத்தனையோ முறை கடந்திருக்கிறார். காலால் நடந்து வந்ததில்லை. வேலி ஓரம் காய்ந்த புல்லில் ரப்பர் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. டயர் சுவரில் ஓரிடத்தில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அவர் கார் சிவப்பு.

அவர் அதைப் பார்க்காதது போல் திரும்பி நின்றுகொண்டார்.

முதல் சுற்றில் சபீனா மெதுவாகத்தான் வந்தார். தன் கார் ஓடுவதை வெளியே நின்று பார்ப்பது குழந்தைவேலுக்கு அதுவே முதல் தடவை. எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு அழகாகப் போகிறது! பெண்ணை மேடையில் பார்த்த தகப்பன் மாதிரி நின்றார்.

இரண்டாவது சுற்றில் சபீனா வேகமாக வந்தார்.

நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடித்து வளைவுக்குள் திரும்பினார். காரின் உடம்பு துளியும் சாயவில்லை. குழந்தைவேலு தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு சக்கரத்தைப் பார்த்தார்.

முதல் அலையில் அது எகிறியது. டயருக்கும் தாருக்கும் நடுவே அந்தப் பக்கத்துப் புல் தெரிந்தது. விழுந்தது. அடுத்த அலையில் மறுபடி எகிறியது. முன்னால் ஒன்று தரையைத் தொடும்போது பின்னால் ஒன்று காற்றில் சுழன்றது. ஒரு கணம்கூட நான்கும் சேர்ந்து தரையில் இல்லை. கார் அப்படியே துள்ளித் துள்ளி டயர் சுவரைப் பார்த்து நகர்ந்து வந்தது.

குழந்தைவேலுவின் கை தானாகத் தோள்பட்டைக்குப் போனது.

சுவரை உரசாத குறையாக கார் திரும்பியது. புழுதி அடங்குவதற்குள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

அவர் வேலிக் கம்பியைப் பிடித்து மேலே ஏறினார். கார் நேர்ப்பாதைக்கு வந்ததும் இரண்டு கையையும் வீசிக் கத்தினார்.

“நிறுத்துங்க! டீச்சர், நிறுத்துங்க!”

கார் வேகம் குறைந்து, ஓரம் கட்டி நின்றது. சபீனா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றி முழுக்க வியர்வை.

“கழட்டிருங்க,” என்றார் குழந்தைவேலு. மூச்சு வாங்கியது. “மொதல்ல நீங்க போட்டுக் கொடுத்தீங்களே, அதையே போட்டிருங்க.”

“சரிண்ணா.”

“சக்கரம் தரையிலயே இல்லீங்க. பறக்குது. நாலும் பறக்குது.”

சபீனா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தைவேலுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“நீங்களாச்சும் நிறுத்தியிருக்கலாமல்லங்க? சுவருக்கு இத்தனை கிட்ட வந்துட்டீங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?”

“எப்படிண்ணா தெரியும்?” என்றார் சபீனா. “நான் உள்ளதானே இருந்தேன்.”