நீதிபதியின் காலுறை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் தலையில் இடி விழட்டும்!

முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் மார்ஜரி என்றொருத்தி கம்பளி நூல் நூற்றுத் தனியாகப் பிழைத்தாள். அவள் வீட்டின்மேல் ஊர்ப் பண்ணையாருக்கு ஒரு கண். "புருஷன் இல்லாதவளுக்கு வீடு எதற்கு?" என்று வழக்குப் போட்டுவிட்டார்.

நீதிபதி உறுமினார்: "நீ யாரோட பெண்சாதி? சொல்லு, இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு!"

"யாரோட பெண்சாதியும் இல்லீங்க ஐயா. நான் யாருன்னு உங்க காலைக் கேளுங்க, அது சொல்லும்."

"என்ன திமிர்!"

மார்ஜரி குனிந்து, அவர் காலுறை விளிம்பில் பிரிந்திருந்த நூலைப் பிடித்துத் இடுப்பில் செருகியிருந்த தன் நூற்புக் கதிரில் சுற்றினாள். "இது நான் நூற்ற நூலுங்க. என் கை முறுக்குதான் இப்படி அறாம வரும்!"

அடேயப்பா, அதுவல்லவா நூல்! சிலந்திக்கும் அப்படி நூற்க வராது. காலுறை கரைந்துகொண்டே போனது. பண்ணையார் தன் கம்பளிச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"நிறுத்தம்மா!" என்று அலறினார் நீதிபதி. "'மார்ஜரி, நூற்பவள்'னு எழுதிக்கிறேன். வீடு உனக்குத்தான்!"

நூற்பவளுக்கு அவர்கள் பாஷையில் ஸ்பின்ஸ்டர் என்று பெயர். அன்றிலிருந்து அங்கே கல்யாணமாகாத பெண்களெல்லாம் ஸ்பின்ஸ்டர்தான், நூலையே தொடாத சீமாட்டிகள் உட்பட!

யார் சொன்னதென்று கேட்டால் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த நீதிபதி வம்சத்தில் இன்னும் வக்கீல்கள் இருக்கிறார்களாம்.