தனியாக் குளிச்ச டிரெய்லர்

இருபது வருசமா அடுத்தவன் போட்டுல வலை இழுத்த லூர்தையாவுக்கு, சொந்தப் போட்டுன்னா உசிரு. வீடு கடலுக்குத் தூரம். அதனால வண்டிக்குப் பின்னால டிரெய்லர்ல வச்சு இழுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு தேடி, போட்டு விக்கிற சுயம்பு அண்ணாச்சி கொட்டகைக்குப் போனான். ஒரு நீலப் போட்ட விட்டுக் கண்ணு நகரல.

"போட்டும் டிரெய்லரும் ஜோடியா வந்த புதுசு, உப்புத்தண்ணியே படல. உனக்கெல்லாம் இது ஆகுமா? பழசுன்னு நீ காட்டிட்டா, காசே வேண்டாம், சும்மாவே இழுத்துட்டுப் போ"ன்னாரு அண்ணாச்சி, ஊருக்கே கேக்கிற மாதிரி.

புதுப் பெயின்ட் மினுங்கின போட்ட லூர்தையா தொடவே இல்ல. குனிஞ்சு, போட்ட எறக்கையில கடல்தண்ணிக்குள்ள முங்குற டிரெய்லர் அச்சச் சொரண்டினான். துரு பொலபொலன்னு கொட்டுச்சு.

"போட்டு கடலுக்கே போகலன்னா, டிரெய்லர் மட்டும் தனியாப் போயி குளிச்சிட்டு வந்துச்சா அண்ணாச்சி?"

கொட்டகையே சிரிச்சுது. அண்ணாச்சி, கொண்டு போன்னு கையக் காட்டினாரு.

லூர்தையா உடனே இழுக்கல. போட்டுல ஏறி, கடல் இருக்கிற திக்கப் பாத்து, ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தான்.