தோள் மாற்றக் கூப்பிட்டவன்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாக்களுக்கு மட்டும்தான் உடம்பு வலிக்கும் என்று ஊரே நம்பிய காலம். அப்போது குமிழி நாட்டைச் செண்பகராஜன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவன் குணம் அவனுக்கே பிடிபடாது. காலையில் மகிழ்ந்து ஒருவனுக்குத் தோப்பு எழுதி வைப்பான், மத்தியானம் அவனையே கட்டி வைத்து அடிக்கச் சொல்வான். எந்தப் பேச்சையும் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரத்துக்கு மேல் கேட்க மாட்டான்.

அவன் பல்லக்கை ஆறு பேர் தூக்கினார்கள். பல்லக்குத் தூக்குவதில் ஒரு முறை உண்டு. வலத்தோள் மரத்துப் போகும்போது முன்னால் போகிறவன் "மாத்து!" என்று குரல் கொடுப்பான். ஆறு பேரும் ஒரே அடியில் இடத்தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். அந்தக் குரலால் ராஜாவின் தூக்கம் கெடுகிறது என்று சொல்லி, அரண்மனை மணியக்காரன் கோனேரி அதற்குத் தடை போட்டான். இனி ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரைக்கும் ஒரே தோள்தான்.

முன்னால் போகிற சடையனுக்கு வலத்தோள் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது. ஆறுவதற்கு மூன்று நாள் ஓய்வு கேட்டான். "ஓய்வு வேணும்னா ஒரேயடியா எடுத்துக்கோ" என்றான் கோனேரி. மறுநாள் கோயில் மேட்டில் ஏறும்போது வலி பொறுக்காமல் சடையன் "மாத்து!" என்று கத்திவிட்டான். ராஜா விழித்துக்கொண்டான். பெண்டாட்டியோடு குடிசையைக் காலி பண்ணிவிட்டு நாட்டை விட்டே போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

விஷயம் மந்திரி அம்பலவாணர் காதுக்கு எட்டியது. அவர் சடையனை அவைக்கு அழைத்து வந்தார்.

"மகாராஜா, இவன் குறையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்."

கோனேரிக்கு மந்திரி நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண். குறுக்கே பாய்ந்தான்.

"இவனுக்கென்ன குறை பிரபு? கஞ்சி ஊத்தறோம், குடிசை கொடுத்திருக்கோம். பழகின உடம்புக்குக் கனமே தெரியாது. தோள் மாத்தறது சுத்தச் சோம்பேறித்தனம். இவன் குறையைச் சொன்னா, சொல்லி வாயை மூடறதுக்குள்ளே தீர்ந்துடும்!"

"அப்படியா?" என்றார் அம்பலவாணர். "அப்படியானால் ஒரு பந்தயம். இந்தச் செம்புத் தண்ணீரை வலக்கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். இவன் சொல்லி முடிக்கும் வரை கை மாற்றக்கூடாது, மடக்கக்கூடாது, ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. ஜெயித்தால் என் பதவி உமக்கு; தோற்றால் இவன் குறை தீர வேண்டும்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். கோனேரி சிரித்துக்கொண்டே செம்பை வாங்கி நீட்டினான்.

சடையன் ஆரம்பித்தான். "மகாராசா, எட்டுப் பேரு தூக்கின பல்லக்கு அது. ரெண்டு பேரை நிறுத்திட்டாங்க. கனம் குறையலை, ஆள்தான் குறைஞ்சது. தோளுக்குத் தடவ எண்ணெய் கொடுப்பாங்க, அதுவும் நின்னுபோச்சு. கால்ல முள்ளு குத்தினா நிக்கக்கூடாது. குத்தினதோட நடக்கணும்."

கோனேரியின் சிரிப்பு மறைந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? முழங்கையில் லேசாக நடுக்கம் கண்டது.

"சரி, சரி, போதும்! எண்ணெய் கொடுத்துடலாம்" என்றான்.

"குறை தீர்ந்துவிட்டதா சடையா?" என்று கேட்டார் மந்திரி.

"இல்லீங்க சாமி. இன்னும் பாதிகூட ஆகலை."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "சொல்லுடா, சொல்லு!"

தன் பேச்சை ராஜாவே கேட்கிறான் என்று சடையனுக்குத் தைரியம் வந்தது. யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"போன தையில என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. ஒரு நாள் விடுங்கன்னு மணியக்காரரு கால்ல விழுந்தேன். அவரு மாமியாரைத் திருவிழாவுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு. நாலாம் நாள் திரும்பி வந்தேன். புள்ளையப் பொதைச்சிருந்தாங்க. ஆணா பொண்ணான்னு நான் அவகிட்டக் கேட்கவேயில்லை..."

"பார், பார்! கை ஆடுது!" என்று ராஜா கூவினான். அவை முழுக்கச் சிரித்தது.

சடையன் நிறுத்தினான். ராஜாவின் கண் தன் மேல் இல்லை, செம்பின் மேல் இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அம்பலவாணர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜாவைக் கேட்க வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனாலும் வெட்கமாக இருந்தது.

"ஐயோ, கை மாத்திக்கறேன்!" என்று கோனேரி அலறினான். செம்பு உருண்டது. தண்ணீர் அவன் பட்டு வேட்டியெல்லாம் வழிந்தது.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். "இனி பல்லக்குக்காரர்கள் இஷ்டம்போல் தோள் மாற்றலாம். இவன் குடிசை இவனுக்கே. கோனேரி மூன்று நாள் என் படிக்கத்தை ஏந்தி நிற்கட்டும், நான் துப்புகிற பக்கமெல்லாம் வரட்டும்!"

நாலாம் நாள் கோனேரி தன் பழைய மணியக்காரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"அம்பலவாணரே, உம் புத்திக்கு என்ன கொடுத்தாலும் தகும்" என்றான் ராஜா. "இன்று முதல் உமக்கும் ஒரு பல்லக்கு!"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! தூக்கப் போவது அதே ஆறு பேர்தான்.

மந்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாம் பிரபு. அதற்குப் பதில் சடையனுக்கு மூன்று நாள் ஓய்வு கொடுங்கள்."

"ராஜா கொடுத்ததை வேண்டாம் என்பீரா? ஓய்வுக்கென்ன, கொடுத்தால் போச்சு. முதலில் பல்லக்கை உம் வீட்டில் சேர்த்துவிட்டு வரட்டும்."

மந்திரி வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அவர் பல்லக்கில் ஏறாமல் பக்கத்திலேயே நடந்தார். வெறும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஆறு பேரும் மணலில் இறங்கினார்கள். புதுத்தேக்கு, பித்தளைப் பூண். சடையனின் துண்டில் இரத்தம் ஊறியது.

"என்னை மன்னிச்சுடு சடையா" என்றார் அம்பலவாணர்.

சடையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏறிக்குங்க சாமி. நீங்க நடக்கறதால எங்களுக்கொண்ணும் வலி குறையலை" என்று சொல்லிவிட்டு, அரண்மனை வரைக்கும் கேட்கிற மாதிரி "மாத்து!" என்று கத்தினான்.