குப்பி உருகிய பிறகு

முதலில் வாயை விட்டவர் டாக்டர் கோதண்டபாணி. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அவருடைய ஆய்வகத்தில் ஒரு சமயம் வளர்ப்புச் செல்கள் பூஞ்சை பிடித்துக் கூண்டோடு செத்தன. கூட்டம் கூட்டி, அத்தனை பேர் முன்னாலும், அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சூசையப்பனைக் காட்டிச் சொன்னார்: "எட்டாம் கிளாஸ் கையை உள்ளே விட்டா இப்படித்தான் ஆகும்."

அன்றோடு அந்தக் கதவு சூசையப்பனுக்குச் சாத்தப்பட்டது. பிறகு பார்த்தால், பூஞ்சை இருந்தது கோதண்டபாணியே மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப்போட்ட, செல்கள் வளர ஊற்றும் ஊட்டநீரில். எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அவர் மட்டும் "என் தப்பு" என்று சொல்லவே இல்லை.

பக்கத்து ஆய்வகத்து டாக்டர் தில்லைநாயகி சூசையப்பனைக் கூப்பிட்டுக்கொண்டார். பாத்திரம் கழுவ வந்த மனிதருக்குச் செல் வளர்க்கவும், உறைய வைக்கவும், மறுபடி உயிர்ப்பிக்கவும் கற்றுத் தந்தார். வயதில் சூசையப்பனைவிட இளையவர்தான். இருந்தால் என்ன? சூசையப்பனுக்கு அவர் குரு.

இந்தப் பொங்கல் விடுமுறையில் கோதண்டபாணியின் உறைதொட்டிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற ஆளில்லை. அவன் ஊற்றுவான் என்று இவன் இருந்தான், இவன் ஊற்றுவான் என்று அவன் ஊருக்குப் போனான். முன்பு அது சூசையப்பன் பார்த்த வேலை. தொட்டி வறண்டு, உள்ளே செல்களோடு உறைந்திருந்த குப்பிகள் அத்தனையும் போயின.

மலைக் கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் செல்களும் அதில் போயின. ரத்த அணு அரிவாள்போல் வளைந்துபோகும் நோய் அவளுக்கு. மரபணுவில் பிசகிய அந்த ஓர் எழுத்தை வெட்டித் திருத்த கோதண்டபாணிக்குப் பல வருடம் ஆனது. அவளுக்கான சிகிச்சை ஆராய்ச்சி முழுவதும் அந்தத் திருத்திய செல்களை நம்பித்தான் இருந்தது. மிச்சம் ஒரே ஒரு குப்பி. முன்னொரு காலத்தில் அவர் தில்லைநாயகிக்குப் பங்கு கொடுத்தது. அதை உறைய வைத்தவர் சூசையப்பன்.

கோதண்டபாணி வந்தார். வராமல் எங்கே போவார்?

"குப்பியைக் கொடுங்க மேடம். எங்க பசங்க உருக்கிக்குவாங்க."

"இருக்கிறது ஒண்ணு. இங்கேயே உருக்கிடலாம். சூசையண்ணன் பண்ணட்டும்" என்றார் தில்லைநாயகி.

"இவரா?"

"ஏன் சார்," என்றார் சூசையப்பன், "உங்க தொட்டிக்கு நைட்ரஜன் ஊத்தின ஆளையே வரச் சொல்லட்டுமா?"

கோதண்டபாணி வழிவிட்டு ஒதுங்கினார்.

சூசையப்பன் குப்பியை எடுத்து இளவெந்நீர்த் தொட்டியில் பிடித்தார். பனி வெளுத்தது, கரைந்தது, கடுகளவு மிச்சம் நின்றது. அதுதான் பதம். துடைத்து, மேடைக்குக் கொண்டுபோனார். குப்பியில் இருப்பதை ஊட்டநீரில் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டியதுதான் பாக்கி.

கை அங்கே நின்றது. நிறுத்தியதால் நின்றது.

"சார், அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்க. அதைத் திருப்பி எடுத்துக்குங்க. அப்புறம் ஊத்தறேன்."

"இப்பவா?"

"அன்னைக்கு ஊரே பார்க்கச் சொன்னீங்க. இன்னைக்கு மேடம் ஒருத்தர் கேட்டாப் போதும். தள்ளுபடி விலை."

"யோவ், செல் செத்துடும்யா!"

"அது எனக்கும் தெரியும் சார். அதான் சீக்கிரம் சொல்லுங்கங்கறேன்."

கோதண்டபாணி கண்ணைத் தில்லைநாயகி பக்கம் திருப்பினார். தில்லைநாயகியோ குப்பியைப் பிடுங்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"நீங்களே நியாயம் சொல்லுங்க மேடம்," என்றார் சூசையப்பன். "இத்தனை வருஷம் இந்தக் கோபத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். இது இல்லன்னா அன்னைக்கே உடைஞ்சிருப்பேன். இப்ப நான் ஏன் விடணும்?"

"அண்ணே, உறைய வைக்கும்போது செல்லோட என்ன கலந்தீங்க?"

"உறைகாப்பு மருந்து."

"எதுக்கு?"

"அது இல்லன்னா பனி ஊசி ஊசியா முளைச்சு செல்லைக் கிழிச்சிடும். இத்தனை காலம் உயிரைக் காப்பாத்தினதே அதுதானே?"

"சரி. இப்ப உங்க கையில இருக்கிற குப்பியில செல்லைக் கொல்றது எது?"

சூசையப்பன் குப்பியைப் பார்த்தார். கடுகளவு பனியும் போய்விட்டிருந்தது.

பதில் அவருக்குத் தெரியும். அவர் படித்த முதல் பாடமே அதுதான்: உருகிவிட்டால் அந்த மருந்தே நஞ்சு, தாமதிக்காமல் கழுவி எடு.

உறிஞ்சுகுழலை எடுத்தார். சொட்டுச் சொட்டாக ஊட்டநீரில் கலந்தார். வேகமாய்ச் சுற்றிப் பிரிக்கும் சுழற்றியில் வைத்தார். செல்கள் அடியில் வெள்ளைப் பொட்டாகப் படிந்தன. மருந்து கரைந்து மேலே நின்ற நீரை வேறு பாட்டிலில் வடித்தார். பொட்டின்மேல் புது ஊட்டநீர் விட்டுக் கலக்கினார். அதில் ஒரு துளியோடு நீலச் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தார். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிருள்ளது குடிக்காது.

முக்கால்வாசிக்கு மேல் பளிச்சென்று இருந்தன. போதும், வளர்ந்து பெருகிவிடும். ஆனால் நீலமும் இருந்தது. சூசையப்பன் கையில் இதற்குமுன் இவ்வளவு நீலம் விழுந்ததில்லை. அவர் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதியை ஊற்றிய குடுவையைக் கோதண்டபாணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார். மேடத்துக்கு மட்டும்தான். கதவு சாத்திக்கொண்டது.

"பார்த்தீங்களா? சொல்லாமலே போயிட்டாரு."

"பார்த்தேன்."

"அப்ப நான் மறந்துடணுமா?"

"மறக்கச் சொல்ல நான் யாரு? அவர் உங்களுக்குச் சொல்லவேண்டியது அப்படியே நிக்குது. யார் கேட்டாலும் நான் சாட்சி சொல்வேன்."

"அப்புறம் எதுக்கு மேடம் என் கையை அசைய வச்சீங்க?"

தில்லைநாயகி வடித்த நீர் இருந்த பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கித் திருகி, சூசையப்பன் கையில் கொடுத்தார்.

"இதைக் கொட்டச் சொல்லல அண்ணே. வேணும்கிற வரைக்கும் வச்சுக்குங்க. உயிரோட இருக்கிற எதையும் மட்டும் இதுல ஊறப் போடாதீங்க."